வீரபாண்டியில் ஒரு வீட்டு ஆடிட்

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் என் கைப்பை வந்தது, துணிப்பெட்டி வந்தது, முப்பது கிலோ மின்விசிறி மட்டும் வரவில்லை.

"ஜெர்மனில இருந்து இந்தியாவுக்கு ஃபேனா சார்?" என்று கேட்டார் புகார் எழுதிக்கொண்ட பெண்.

"ஆமாம். வீட்டு வாசலில் பொருத்தி, கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு ஓடவிட்டால், எந்த இடுக்கில் காற்று நுழைகிறது என்று தெரியும்."

"ஜன்னலத் திறந்து வெச்சா காத்து தானா வருமே சார்" என்றார் அவர். பன்னிரண்டு வருடமாக நான் செய்துவரும் தொழிலை ஒரே வாக்கியத்தில் காலி செய்துவிட்டார். விசிறி எந்த ஊரில் தவித்துக்கொண்டிருக்கிறது என்று தேடிச் சொல்வதாகச் சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்தார்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கட்டிய வீடு எவ்வளவு குறைவாக மின்சாரம் தின்னும் என்று அளப்பேன். தேறினால் சான்றிதழ் கொடுப்பேன். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம், பிழைப்பு ஜெர்மனியில். அங்கே உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடக் கூடாது என்று உயிரை விடுகிறோம். திருப்பூரில் வெளியே இருக்கிற சூடு உள்ளே வந்துவிடக் கூடாது. கணக்கு ஒன்றுதான், திசைதான் வேறு.

என்னை அழைத்தவர் தங்கவேல், வீரபாண்டியில் பனியன் ஏற்றுமதி செய்பவர். அவரிடம் டி-ஷர்ட் வாங்கும் வெர்னர் எங்கள் ஊரில் இருக்கிறார். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் தங்கவேல் வெர்னர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கிறார். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே ஹீட்டர் ஓடவில்லை, ஆனாலும் குளிரவில்லை. அதைவிட அவரை அசத்தியது கழிவறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழ். அதில் என் கையெழுத்து தமிழில் இருந்தது. மனிதர் கை கழுவின ஈரத்தோடு வெர்னரிடம் நம்பர் வாங்கி எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, நானும் புது ஊடு கட்டீட்டிருக்கறனுங்க. என்ற புள்ளதான் பிளான். ஏசியே வேண்டாங்குது. எனக்கு அந்தக் கண்ணாடி போட்ட சர்டிபிகேட் ஒண்ணு வேணுமுங்க."

அப்படித்தான் மறு கோடையில் நான் வந்து இறங்கினேன். கிரகப்பிரவேசம் வெள்ளிக்கிழமை, என் விமானம் சனிக்கிழமை.

அழைத்துப் போக வந்தவர் கதிரேசன், தங்கவேல் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். வெளிநாட்டு ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க வரும்போது எல்லாம் சட்டப்படி இருப்பதாகக் காட்டுவது அவர் வேலை. கக்கத்தில் எப்போதும் ஒரு ஃபைல். சூலூர் தாண்டியதும் டயர் வெடித்தது. டிக்கியைத் திறந்தோம். ஸ்டெப்னியிலும் காற்றில்லை.

"செக் பண்ணின ரிஜிஸ்டர் இருக்குதுங்க சார்" என்று அவசரமாக ஃபைலைப் புரட்டினார் கதிரேசன். "பாருங்க, போன வாரந்தான் டிரைவர்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கறன்." கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. அதை மாட்டி வண்டி ஓட்ட முடியாது, அவ்வளவுதான்.

கட்பீஸ் வியாபாரம் செய்யும் ஒரு பாய் தன் டெம்போவை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். முன்னால் கதிரேசனுக்கும் ஃபைலுக்கும் இடம் இருந்தது. நான் பின்னால் துணி மூட்டைமேல். அங்கே ஏற்கெனவே இரண்டு பீகார் இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவன் மற்றவனிடம் இந்தியில், "இந்த ஐயா ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அடுத்த பள்ளத்தில் போய்விடுவார்" என்றான். எனக்கு அந்த அளவு இந்தி தெரியும். சட்டென்று நடுவுக்கு நகர்ந்துகொண்டேன்.

"தங்கவேலண்ணன் ஊட்டுக்குங்களா?" என்று முன்னாலிருந்து கத்தினார் பாய். "பக்கத்துல அவரு மச்சான் ஊட்டுல ஆறு ஏசி ஓடுதுங்க. இவரு ஊட்டுல ஒண்ணுகூட இல்லீங்க. சொந்தக்காரங்க பூராம் சிரிக்கறாங்க." ஜெர்மனியில் வாடிக்கையாளர் வீட்டுக்கு நான் டையைச் சரிசெய்துகொண்டு போவேன். வீரபாண்டிக்குள் தலையெல்லாம் பஞ்சோடு நுழைந்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை வீட்டைப் பார்த்தேன். பார்த்ததும் பிடித்துவிட்டது.

தங்கவேலின் மகள் ரேவதி கட்டடக்கலை படித்தவள், வயது இருபத்தாறு. செங்கல்லைக் குத்துவசத்தில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பியிருந்தாள். கூரைக் கான்கிரீட்டுக்குள் மண்சட்டிகளைக் கவிழ்த்துப் பதித்திருந்தாள். மேற்கே ஜன்னல்கள் சின்னவை, தெற்கே நிழல் விழும்படி நீளமான சன்ஷேடு. எல்லாம் எழுபது மைலுக்குள் கிடைத்த சாமான். ஜெர்மனியில் இதே வேலைக்கு மூன்று கம்பெனி, சூட்டைத் தடுக்க நான்கு வகைப் பஞ்சு, ஒரு வக்கீல் வேண்டும்.

ஆனால் உள்ளே போனதும் குழம்பிப்போனேன். ஹாலின் புத்தம் புதுத் தரையில் மஞ்சள் பெயின்டில் நடைபாதைக் கோடு, அம்புக்குறியோடு. ஒவ்வொரு அறையிலும் சிவப்புத் தீயணைப்பு உருளை. மாடிப்படி அடியில் மணல் வாளிகள். பூஜை அறை நிலைக்கு மேலே பச்சை எழுத்தில் 'எக்ஸிட்' பலகை.

"இதெல்லாம் எதற்கு?"

"ஆடிட்டுங்களே சார்!" என்றார் கதிரேசன், பெருமையோடு.

ரேவதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நேத்து நான் அருள்புரம் போய்ட்டு வர்றதுக்குள்ள அடிச்சுட்டாங்கண்ணா. அழிச்சா அழிய மாட்டேங்குது."

வீட்டுக்குப் பின்னால் சமையல் கொட்டகையில் சமையல்கார சரசக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். "அக்கா, கொஞ்சம் காப்பி கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். எதிரே வெறித்துப் பார்த்துக்கொண்டு மளமளவென்று ஒப்பித்தார்: "எட்டு மணி நேரந்தானுங்க வேலை. கட்டாயப்படுத்தறதில்லீங்க. குடிக்கத் தண்ணி குடுக்கறாங்க. எனக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சுதுங்க."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. சரசக்காவும் சிரித்துவிட்டு, "சரியாச் சொன்னனுங்களா?" என்று கதிரேசனைக் கேட்டார். பிறகு அரிசிம்பருப்புச் சோறு போட்டு, நடுவில் குழி பறித்து நெய் ஊற்றினார். பன்னிரண்டு வருடம் ரொட்டியைக் கடித்த வாய்க்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

தங்கவேல் என்னை ஹாலுக்குக் கூட்டிப் போய் ஒரு சுவரைக் காட்டினார். தேக்குச் சட்டம் ஏற்கெனவே செய்து வந்துவிட்டது. ஆணியும் அடித்தாகிவிட்டது. காகிதம் மட்டும்தான் பாக்கி.

"தம்பி, வெளிப்படையாச் சொல்லிப்போடறன். அருள்புரத்துல நம்ம தொழிலாளிகளுக்கு நாப்பது ஊடு கட்டப் போறோமுங்க. எல்லாம் தெக்கத்திக் குடும்பம். நம்ம ரேவதி அம்மிணி அதையும் இதே மாதிரி கட்டோணுங்குது. கான்ட்ராக்டர் தகரம் போட்டா மூணு மாசத்துல முடிச்சுத் தர்றேங்கறாரு. வெள்ளிக்கெழமை விசேசத்துக்கு அவரும் வர்றாருங்க. இந்த ஊட்டுக்கு நீங்க சர்டிபிகேட் குடுத்தீங்கன்னா அம்மிணி சொல்றபடி. இல்லீன்னா தகரம்." ரேவதி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விசிறி இல்லாததால் கைப்பையில் இருந்த கருவிகளை மட்டும் வைத்தேன். பத்து கருவி, ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. வெப்பத்தையும் ஈரத்தையும் தானே குறித்துக்கொண்டே இருக்கும். கதிரேசன் கூடவே வந்தார். "சார், இது நீங்க வந்து பாக்கறப்ப ரீடிங் காட்டுமுங்களா?"

"காட்டும்" என்றேன். வாயில் இரண்டாம் தடவைச் சோறு. 'நான் இல்லாதபோதும் குறிக்கும்' என்ற மறுபாதியைச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு பாடு இல்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். உள்ளே கால் வைத்ததும் தரை ஜில்லென்றிருந்தது. கதிரேசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆகா, இந்தப் பெண் கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டு கருவிகளை லேப்டாப்பில் மாட்டினேன்.

திரையில் வந்த கோட்டைப் பார்த்ததும் கருவிகளைக் கழற்றி மறுபடி மாட்டினேன். நல்ல வீடு எருமை மாதிரி. வெயிலடித்தாலும் மழையடித்தாலும் மெதுவாகத்தான் அசைய வேண்டும். இந்த வீடோ ஆட்டுக்குட்டியாகத் துள்ளியிருந்தது. ராத்திரி இருபத்து நாலு டிகிரிக்கு விழுந்திருக்கிறது, விடிந்ததும் விறுவிறுவென்று ஏறுகிறது. மதியம் வரை உட்கார்ந்து பார்த்தேன், முப்பதுக்கு வந்துவிட்டது. ஈரம் வேறு குளியலறை மாதிரி. எங்கோ ஓட்டை, எங்கோ கசிவு, சுவர் சூட்டைத் தாங்கவில்லை. அப்படித்தான் எந்த மடையனும் படிப்பான். நானும் அப்படித்தான் படித்தேன்.

ரேவதி நம்பவில்லை. "இருக்காதுங்கண்ணா. நான் மொட்டை மாடில நின்னு ஒவ்வொரு சட்டியும் கவுத்தியிருக்கறன்." நாங்கள் இருவரும் சுவரைத் தட்டினோம், குழாயைத் திருகினோம், உச்சி வெயிலில் மாடியில் தவழ்ந்தோம். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. கீழே வந்ததும் வரைபடங்களை மடியில் பரப்பிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. நான் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

தங்கவேல் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "என்னுங் தம்பி, தேறாதுங்களா?"

"இப்படியே போனால் தேறாது."

"போகுது உடுங்க. தகரத்துக்குச் சொல்லீரலாம்" என்றார். ஆனால் கண் அந்த ஆணிமேல்தான் இருந்தது. கதிரேசன் மெதுவாக நழுவி, வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசினார்.

வியாழக்கிழமை இன்னும் மோசம். ராத்திரி இருபத்து ஒன்று. வைகாசி மாதத் திருப்பூரில் இருபத்து ஒன்று! நான் என் கருவிகளையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். வெளியே கேட்டுத் தூணுக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்த கொத்தனார் நான் புலம்புவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நமக்கு நாங்குநேரியாமே?" என்றார். "நான் வள்ளியூர்ப் பக்கம். பேரு ஏசுதாசன். மத்தியானம் நம்ம வீட்டுல ஒரு வா சாப்பிடணும்." ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பாதித் துக்கம் போய்விட்டது. அவர் மொபெட்டில் தொற்றிக்கொண்டேன். கரண்டி, மட்டப்பலகை, நான், மூன்றும் பின்னால். ஒரு சாய ஆலை லாரி எங்களை ஓரமாகத் தள்ளியதில் மட்டப்பலகை மட்டும் விழுந்தது. திரும்பிப் போய் எடுத்துவந்தோம்.

அருள்புரத்தில் ஒரே தகரக் கூரைக்கு அடியில் பத்து வாசல். ஏழாவது அவருடையது. அவர் மனைவி செல்வி தங்கவேல் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை தரையில் ஈரத் துண்டின்மேல் கிடந்தது. கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு, சொரிந்து சொரிந்து புண்ணாகியிருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. என் பையில் பதினோராவது கருவி ஒன்று இருந்தது. கை தானாக அதை எடுத்தது. மணி இரண்டு. நாற்பத்து இரண்டு டிகிரி.

செல்வி புளிக்குழம்பும் அவித்த முட்டையும் வைத்தாள். ஒரு கையால் பரிமாறினாள், மறு கையால் குழந்தைக்கு அட்டையால் விசிறினாள். "ரேவதியக்கா புது வீட்டுப் படத்தை எங்களுக்கும் காட்டிச்சு அண்ணாச்சி. அந்தச் செவரு நல்லா இல்லையாம்லா? இவுக கட்டுன செவருலா அது?"

ஏசுதாசன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "அண்ணாச்சி, நான் சொன்னா என் வேலை போயிரும். சொல்லலேன்னா என் மானம் போயிரும்."

"என்னவே விஷயம்?"

"அது ஐஸ்கட்டி அண்ணாச்சி. சாயங்காலம் நீங்க அந்தப் பக்கம் போவிய, இந்தப் பக்கம் வேன்ல வந்து இறங்கும். மொத நாளு பன்னெண்டு பாளம். நீங்க மொகம் சுளிச்சியளாம், நேத்து இருவத்தி நாலு. உமியப் போட்டு, சாக்கப் போட்டு, ரூமு ரூமா அடுக்கி வச்சோம். காலையில ஏழு மணிக்கு எடுத்துட்டு, தொடச்சு விட்டுருவோம். என் செவருக்கு ஐஸ்கட்டியா அண்ணாச்சி? நான் கட்டுன செவருக்கு?" அவர் குழந்தைப் பக்கம் திரும்பினார். "பிள்ளைக்கு மேலுக்கு ஒத்தடம் குடுக்க ரெண்டு துண்டு கேட்டேன். ஆடிட்டுக்கு உள்ளது, தொடாதேன்னுட்டாரு கதிரேசன் சாரு."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடுத்த வினாடி கோபம் வந்தது. குழந்தையைப் பார்த்ததும் கோபம்தான் மிஞ்சியது. மதியமெல்லாம் நான் ஓட்டை தேடித் தவழ்ந்தது என்ன, அந்தப் பெண் சாப்பிடாமல் கிடந்தது என்ன! தானாகவே தேறியிருக்க வேண்டிய வீட்டை, தேற வைக்கிறேன் பேர்வழி என்று கெடுத்து வைத்திருக்கிறார்கள். சுவர் எதையும் செய்ய விடாமல் ஐஸ் குளிரவைக்கிறது, ஐஸை எடுத்ததும் காற்று தன் பழைய சூட்டுக்கு ஓடுகிறது. அதைத்தான் நான் ஓட்டை என்று படித்திருக்கிறேன்.

ஏசுதாசன் பெயர் வராமல் கேட்க வேண்டும். வீரபாண்டிக்குத் திரும்பியதும் ஹாலில் நான்கு காலில் இறங்கினேன். சோபாவுக்கு அடியில் எனக்கு வேண்டியது கிடைத்தது. தங்கவேல், ரேவதி, கதிரேசன் மூவரையும் கூப்பிட்டு உள்ளங்கையை விரித்தேன். நாலு உமி.

"இது என்ன கதிரேசன்?"

"செங்கச் சூளையில இருந்து ஒட்டீட்டு வந்திருக்குமுங்க சார்."

"ஈரமாக இருக்கிறது. சூளையில் மழையா?"

கதிரேசன் ஃபைலைப் பார்த்தார். அதை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஆடிட்டுன்னா ஒரு ஏற்பாடு இல்லாம எப்படிங்க சார்? நீங்க காலைல வந்து பாக்கறப்ப ஜில்லுனு இருக்கோணுமில்லீங்களா. ரிஸ்க் எடுக்கக் கூடாதுன்னுதானுங்க..."

"உங்களுக்குத் தெரியுமா?" என்று தங்கவேலைக் கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "நாந்தான் சரீன்னேன் தம்பி. இருவது வருசமா எத்தனையோ ஆடிட் பாத்துட்டனுங்க. உள்ளத உள்ளபடி காட்டி ஒண்ணுகூட பாஸானதில்லீங்க."

ரேவதி அப்பாவைப் பார்த்தாள். "என்ற செவுரு நிக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அண்ணா நம்பாததுகூடப் பரவால்லீங்கப்பா. நீங்க நம்பல." சொல்லிவிட்டு அழுதாள். தங்கவேல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

நான் கத்தியே விட்டேன். அடுத்தவர் வீட்டில் விருந்து தின்றுகொண்டு இப்படிக் கத்தியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "மூன்று நாள் யாரும் கை வைக்காத அளவு வேண்டும், அதுதான் விதி. சனிக்கிழமை எனக்கு விமானம். சான்றிதழ் கிடையாது, போங்கள்!"

"பழைய தேதி போட்டுக்கலாமுங்களே சார்" என்றார் கதிரேசன், மிகப் பணிவாக.

நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தீயணைப்பு உருளைக்குப் பின்னால் நகர்ந்துவிட்டார். ரேவதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "சர்டிபிகேட் வேண்டாங்கண்ணா. இன்னிக்கு ஒரு ராத்திரி, நாளைக்கு ஒரு பகல். ஐஸ் இல்லாம அந்தக் கோட்டை ஒருக்கா வரைஞ்சு எங்கப்பாவுக்குக் காட்டுங்க. அது போதும்." கருவிகளை மறுபடி வைத்தேன். வீட்டுச் சாவியை சரசக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்ட விதத்தைப் பார்த்தால் ஐஸ் வேன் அந்தத் தெருவுக்கே வராது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை முகூர்த்தம். பசுவை வீட்டுக்குள் கூட்டிவந்தார்கள். உறவினர்கள் தாறுமாறாக நடந்தபோது அது மட்டும் மஞ்சள் கோட்டுக்குள், அம்புக்குறிப்படி நடந்து பூஜை அறைக்குப் போனது. "பாத்தீங்களா சார்?" என்று கதிரேசன் என் காதில் சொன்னார். அவர் மேலிருந்த கோபத்தை என்னால் முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை.

ஹோமப் புகை ஹாலை மூடிக்கொண்டிருந்த நேரத்தில், எட்டு மணிக்கு, என் விசிறி வந்து சேர்ந்தது. எந்தெந்த நாடு பார்த்ததோ, பெட்டி முழுக்கச் சீட்டு. நானூறு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். பின்வாசலில் அதைப் பொருத்தி, வெளிப்பக்கமாக ஓடவிட்டேன். ஐந்து நிமிடத்தில் புகை போன இடம் தெரியவில்லை. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். முப்பது கிலோவைச் சுமந்து வந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

இரண்டு மணிக்கு மின்வெட்டு. விருந்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பக்கத்தில் மச்சான் வீட்டு ஏசியில் இளைப்பாறப் போயிருந்தார்கள். அங்கே ஜன்னல்கள் திறக்கவே வராதாம். கால் மணி நேரத்தில் முந்தானையாலும் தாம்பூலப் பையாலும் விசிறிக்கொண்டு எல்லாரும் இங்கே வந்துவிட்டார்கள். கடைசியாக மச்சானும் வந்தார். "சித்த நேரம் சாஞ்சுக்கறன் மாப்ள" என்று எக்ஸிட் பலகைக்குக் கீழே தரையில் படுத்தார். இரண்டு நிமிடத்தில் குறட்டை.

கருவிகளை லேப்டாப்பில் மாட்டினேன். பேட்டரி இருந்தது. ரேவதி எதிரே நின்றாள், கையைப் பிசைந்துகொண்டு. கோடு வந்தது. ராத்திரி முழுக்க, விடியலில், ஹோமத்தின்போது, நானூறு பேர் மூச்சின்போது, மொத்தமே மூன்று டிகிரிதான் அசைந்திருந்தது. வெளியே நாற்பது. உள்ளே முப்பத்து ஒன்று. எருமை அசையவே இல்லை. ரேவதி அதைப் பார்த்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். மூன்று நாளில் முதல் தடவையாக ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று சரசக்கா பிறகு சொன்னார்.

தங்கவேல் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவிக்கூடப் பார்த்தார். "தகரத்துக்கு அடில எவ்வளவுங் தம்பி இருக்கும்?"

"நாற்பத்து இரண்டு. நேற்று இரண்டு மணிக்கு, அருள்புரத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் வீட்டில் அளந்தேன். குழந்தை தரையில் கிடந்தது."

ஐயோ, உளறிவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஏசுதாசனைத் தங்கவேல் திரும்பிப் பார்த்தார்.

"ஏசுதாசு, புள்ளைக்கு இப்ப எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு மொதலாளி" என்றார் ஏசுதாசன். தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டார். நான் பார்த்த வரையில் அந்த மனிதர் வெட்கப்பட்ட ஒரே தருணம் அது.

ஆனால் வியாபாரி வியாபாரிதான். கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைக் கனைத்தார். "தம்பி, இந்த சர்டிபிகேட்டு ஊட்டுக்கு ஒண்ணா குடுப்பீங்களா, மொத்தத்துக்கு ஒண்ணா?"

"வீட்டுக்கு ஒன்று."

"அப்ப நாப்பது ஊட்டுக்கு?"

"தேறினால் நாற்பது."

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு வெற்றிலை மென்றபடி காத்திருந்த கான்ட்ராக்டரிடம் போனார். "தகரம் வேண்டாமுங்க. நம்ம அம்மிணி சொல்றபடி கட்டிக்கலாம். அதுல நாப்பது சர்டிபிகேட் இருக்குதுங்க" என்றார். எதனால் மனம் மாறினார் என்று என்னைக் கேட்டால், பாதி அந்தக் குழந்தை, பாதி அந்த எண்ணிக்கை. பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை.

அடுத்த கோடையில் மறுபடி போனேன். கதிரேசன்தான் வந்தார். வண்டியில் ஏறுமுன் ஸ்டெப்னியை நானே அமுக்கிப் பார்த்தேன், காற்று இருந்தது. தங்கவேல் வீட்டு ஹாலில் மஞ்சள் கோடு இன்னும் அழியவில்லை. ஆணியில் நாள்காட்டி தொங்கியது. "அருள்புரம் முடிச்சுப்போட்டு இங்க வாங்க தம்பி. நம்மது நாப்பத்தொண்ணாவது" என்றார். சரசக்கா கையைக் கட்டாமலே காப்பி கொடுத்தார்.

அருள்புரத்தில் நாற்பது வீட்டிலும் கருவிகளை வைத்து மூன்று நாள் பூட்டாமல் விட்டேன். கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்கு ஏசுதாசனுக்குக் கிடைத்த ஏழாம் நம்பர் வீட்டுக்குள் போனேன். கருவி முப்பத்து இரண்டு காட்டியது. மூலையில் பாயில் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. முதுகில் ஒரு பொட்டு வேர்க்குரு இல்லை. ஏசுதாசன் சுவரில் சாய்ந்து நின்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்ட பாடு மறக்குமா? நான் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பிறகு கதவு இடுக்கில். செல்விக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன அண்ணாச்சி, உமியா தேடுதிய? ஐஸ்கட்டி அடுக்கணும்னா மொதல்ல வீடு சுடணும்லா?"